செடல் தழும்புக்குக் கீழே

தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நடந்துகொண்டே இருந்தேன். உள்ளே என் வீட்டுக்காரர் ஏழுமலை. தொண்டையில் குழாய், கழுத்தில் ஊசி. மிஷின்தான் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. உடம்பு கொதித்தது. எந்த மருந்துக்கும் ஜுரம் அசையவில்லை. பிழைப்பாரா என்று கேட்க எனக்குத் துணிவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அதனால் நடந்தேன். கதவுக் காவலுக்கு இருந்தவர், "இன்னாம்மா, தரை தேஞ்சிடப் போவுது, கொஞ்சம் உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். உடனே எழுந்துவிட்டேன்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறேன். மெஷினில் கால் ஓடும், கூடவே வாயும் ஓடும். "செல்வி, உன் வாய்க்குப் பூட்டு செய்யறவன் இன்னும் பொறக்கல" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அந்த வாய் ஆஸ்பத்திரியில் தானாகப் பூட்டிக்கொண்டது. அதை எங்கள் ஊர் மாரியம்மன் எப்படித் திறந்தாள் என்பதைத்தான், என்னோடு பால்குடம் சுமக்கும் அக்கா தங்கச்சிகளுக்குச் சொல்ல வந்தேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். எங்கள் மகள் நிலாவுக்கு டெங்கு வந்து படுத்தபோது, அவள் நைனா, அதான் என் வீட்டுக்காரர், கோயிலுக்கு ஓடிப்போய் வேண்டிக்கொண்டார். "புள்ளைய எழுப்பிக் குடு ஆத்தா, ஆடியில செடல் போட்டுக்கறேன்" என்றார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். செடல் என்றால் முதுகுத் தோலில் வரிசையாகக் கொக்கி மாட்டி, கொக்கியில் கயிறு கட்டி, அம்மன் வீற்றிருக்கும் வண்டியை இழுப்பது. நிலா எழுந்தாள். மறுபடி பள்ளிக்கூடம் போனாள், மறுபடி என்னிடம் திட்டு வாங்கினாள். எங்களுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை.

ஆடி வந்தது. தொண்டூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் கொக்கி குத்துவது என் வீட்டுக்காரரின் அண்ணன், வேலு மாமா. அவர் காப்புக் கட்டி விரதம் இருப்பார். மஞ்சளும் விபூதியும் தடவித் தோலைப் பிடித்து இழுத்து, கண் இமைக்கும் நேரத்தில் கொக்கியை மாட்டிவிடுவார். ரத்தம் கசியாது. யாராவது பாராட்டினால், "கை என்னுது இல்லப்பா, ஆத்தா கை" என்பார். ஊரே அதை நம்பியது. நானும் நம்பினேன். அன்று என் வீட்டுக்காரர் வண்டியை இழுக்க, நிலா முன்னால் தண்ணீர்ச் செம்போடு நடந்தாள். எனக்குப் பெருமையில் அழுகை வந்தது.

புண் சீக்கிரமே காய்ந்துவிட்டது. இதற்கு முன்பும் அவர் செடல் போட்டவர்தான். பழைய கரும்புள்ளிகளோடு புதுப் புள்ளிகளும் சேர்ந்துகொண்டன, அவ்வளவுதான். நான் அதை மறந்தே போனேன்.

ஆவணியில் முதுகு வலிக்கிறது என்றார். அவர் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையைத் தானே ஏற்றி இறக்குவார். "மூட்டை தூக்கினா முதுகு வலிக்காம பின்ன வாயா வலிக்கும்" என்று நான்தான் சொன்னேன். அப்புறம் குளிர் ஜுரம். மாத்திரை போட்டுக்கொண்டு வண்டிக்குப் போனார். அப்புறம் மூச்சு இரைத்தது. செஞ்சியில் ஆக்சிஜன் வைத்துவிட்டு, இங்கே வைத்துக்கொள்ள முடியாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பியபோது பின் ஜன்னலில் செஞ்சிக் கோட்டை மலை தெரிந்தது. எந்த ஊருக்குப் போய்த் திரும்பினாலும் அந்தப் பாறையைப் பார்த்ததும் அப்பாடா என்று இருக்கும். அன்றைக்கு அது சின்னதாகிக்கொண்டே போனது, நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துக்கொண்டது ஒரு டாக்டரம்மா. வயது குறைவுதான். கையில் ஒரு சின்ன ஸ்கேன் கருவி வைத்திருப்பார், அதன் ஒயர் ஒரு கையகலத் திரையோடு சேர்ந்திருக்கும். காலையில் பார்க்க விட்டபோது, அவர் வழவழவென்று ஒரு ஜெல்லைத் தடவி என் வீட்டுக்காரர் நெஞ்சிலும் விலாவிலும் அந்தக் கருவியை நகர்த்திக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஸ்கேன் மாசமாக இருக்கும்போது எடுப்பதுதான். "ஏம்மா, ஆம்பளைக்கு எதுக்கு இது?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஜுரம் எங்கேருந்து வருதுன்னு தேடறேம்மா. பெரிய ஸ்கேன் ரூமுக்கு இவரைக் கொண்டுபோக முடியாது. பிரஷர் நிக்க மாட்டேங்குது, வழியிலயே ஏதாவது ஆயிடும். அதனால ஸ்கேன் இவர்கிட்ட வருது."

முதலில் நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது, நிமோனியா என்றார். அதற்கு மருந்து ஏறியது. தினமும் அதே கருவியை வைத்துப் பார்ப்பார். சில நாளில் என்னையும் வேலு மாமாவையும் கூப்பிட்டார். வேலு மாமா தன் வேலையெல்லாம் விட்டுவிட்டு என்னோடேயே ஆஸ்பத்திரியில் இருந்தார்.

"நுரையீரல் தெளிஞ்சிட்டு வருது, ஸ்கேன்ல நல்லா தெரியுது. ஆனா ஜுரம் போகல, பிரஷர் இன்னும் விழுது. அப்படீன்னா வேற எங்கயோ சீழ் இருக்கு. கல்லீரல், பித்தப்பை, கிட்னி, இதயம், கால் நரம்பு எல்லாம் பாத்துட்டேன். சுத்தமா இருக்கு. நீங்க யோசிச்சு சொல்லுங்க. சமீபத்துல புண்ணு, அடி, முள்ளு குத்துனது, வெளியில ஊசி போட்டது, ஏதாவது?"

எனக்கு நெஞ்சுக்குள் ஒரு கொக்கி மாட்டிய மாதிரி இருந்தது. நான் வாயெடுப்பதற்குள் வேலு மாமா சொன்னார். "ஒன்னும் இல்லீங்க."

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஓரமாகக் கூட்டிப்போனேன். "மாமா, செடல் போட்டாரே."

"அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்? காஞ்சி எத்தினி நாளாவுது."

"இருந்தாலும் சொல்லிட்டா இன்னா மாமா?"

அவர் குரல் தாழ்ந்தது. "ஆத்தா குத்துன எடம் சீழ் புடிக்காதும்மா. எத்தினி பேருக்குக் குத்தியிருக்கேன், ஒருத்தனுக்கு வந்திருக்குதா? அந்த நேர்த்திக்கடன் எதுக்குப் போட்டது? நிலாவுக்கு. புள்ளையக் குடுத்தவ அவ. அவ மேலயே பழி போட்டா..."

மீதியைச் சொல்லத் தேவை இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. செடலால்தான் கெட்டுப்போச்சு என்று என் வாயால் சொன்னால், நிறைவேற்றிய வேண்டுதலை நானே காறித் துப்பின மாதிரி. அம்மன் திரும்பிப் பார்த்து, அப்போ உன் பெண்ணைக் கொடு என்று கேட்டால்? படித்தவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். பிள்ளையைப் பறிகொடுக்க இருந்து திரும்ப வாங்கியவளுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் மகள். நான் எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் இன்னொரு பக்கம் போய்விடும் போல இருந்தது.

அன்றைக்கு மறுபடி நடந்தேன். படியில் இறங்கினேன், ஏறினேன். குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். டீ வாங்கிக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். ஊரில் பால்குடம் எடுக்கும்போது எவ்வளவு பக்தியாகக் கும்பிடுவேன். அன்றைக்கு நான் கும்பிடவில்லை, சண்டை போட்டேன். "உனக்குக் குடுத்த முதுகுதான அது? நீயே பாத்துக்கோ. அங்க ஒன்னும் இல்லன்னா என் மனசுல இருந்து அதை எடுத்துடு. இருந்துதுன்னா எனக்குப் பேச வாய் குடு. ரெண்டுல ஒன்னு செய். இந்த மாதிரி ஊமையா நிக்க வச்சு என்னை வேடிக்கை பாக்காத." தாயிடம்தானே சண்டை போட முடியும். அழுதுகொண்டே நடந்தேன்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. நிலா. அவளை செஞ்சியில் என் தங்கச்சி வீட்டில் விட்டிருந்தேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பேசுவாள். நைனா எப்படி இருக்கிறார் என்றுதான் தினமும் கேட்பாள். அன்றைக்கு அப்படிக் கேட்கவில்லை.

"அம்மா, நைனா முதுகு வலி போச்சா?"

நான் நின்றுவிட்டேன். "இன்னாடி சொல்ற?"

"பெரியப்பா குத்துன எடம்மா. நைனா தைலம் தேச்சி வுடச் சொன்னாரு. நான் தேச்சப்ப ஐயோன்னு கத்திட்டாரு. மேல ஒன்னும் இல்ல, உள்ள கல்லு மாதிரி இருந்துது. அம்மாகிட்ட சொல்லாத, ஊரையே கூட்டிடுவான்னு சொன்னாரு. அதான் சொல்லல." உடனே அவளே கேட்டாள். "டாக்டர்கிட்ட சொல்லிட்டியாம்மா?"

யாருக்காகச் செடல் போட்டாரோ அந்தப் பிள்ளை கேட்கிறது. யாருக்குக் கெடுதல் வந்துவிடும் என்று நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேனோ அவள் வாயாலேயே. இதற்கு மேல் எனக்கு எந்த உத்தரவு வேண்டும்? "இப்ப சொல்றேன்டி" என்று போனை வைத்துவிட்டு ஓடினேன்.

டாக்டரம்மா அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தார். வேலு மாமா கதவோரம் நின்றார். அவரைப் பார்க்காமல் ஒரே மூச்சில் சொன்னேன். செடல், கொக்கி, ஆடி மாதம், மூத்தார்தான் குத்தினார், தோள்பட்டைக்குக் கீழே, உள்ளே கல் மாதிரி இருந்ததாம், பிள்ளை சொல்லுது. வேலு மாமா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

திட்டுவார் என்று நினைத்தேன். டாக்டரம்மா திட்டவில்லை. பக்கத்தில் இருந்த நர்சைப் பார்த்தார். "முதுகு துடைக்கும்போது பாத்தீங்களா சிஸ்டர்?"

"புள்ளிப் புள்ளியா பாத்தேன் மேடம். இந்தப் பக்கத்து ஆம்பளைங்க நெறைய பேருக்கு இருக்கும். பழைய தழும்புன்னு நெனச்சிட்டேன்" என்றது அந்தப் பெண். அந்தப் பெண்ணையும் குற்றம் சொல்ல முடியாது. பழைய தழும்போடு புதியதும் கலந்துதான் இருந்தது.

குழாயும் ஒயருமாக இருக்கும் ஆளைப் புரட்டுவது லேசான வேலை இல்லை. ஒருவர் தலையையும் குழாயையும் பிடிக்க, ஒருவர் தோளை, ஒருவர் இடுப்பை, ஒருவர் காலை. ஒரு ஆள் குறைந்தது. டாக்டரம்மா வேலு மாமாவைப் பார்த்து, "நீங்க வாங்க. மேலங்கி போட்டுக்கிட்டு தோளைப் பிடிங்க" என்றார். என்னையும் காலடியில் நிற்கவிட்டார்கள்.

புரட்டினார்கள். வேலு மாமா தன் தம்பியைத் தன் நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டார். அவருடைய கண்ணுக்கு நேராக அந்த இரண்டு வரிசைப் புள்ளிகள். தோலில் சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை. ஒன்றுமே இல்லாத மாதிரிதான் இருந்தது. எனக்கு ஒரு நொடி, வீணாகச் சொல்லிவிட்டோமோ, தெய்வக் குற்றம் ஆகிவிட்டதோ என்று இருந்தது.

டாக்டரம்மா ஜெல் தடவிக் கருவியை வைத்தார். திரையில் சாம்பல் சாம்பலாக என்னவோ ஓடியது. கொஞ்சம் கீழே இறக்கி, சாய்த்துப் பிடித்து அழுத்தினார். அப்போது தெரிந்தது. சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்பாக ஒரு இடம். நம் கோட்டை மலையில் ஏறினால் வறண்ட பாறைக்கு நடுவே திடீரென்று ஒரு சுனை கிடக்குமே, அப்படி.

"இதோ" என்றார் டாக்டரம்மா. "தசைக்கு அடியில இருக்கு. அழுத்தினா உள்ள சுழலுது பாருங்க. சீழ்."

அந்தத் திரையைப் பார்த்தபடியே நீள ஊசியை உள்ளே செலுத்தினார். ஊசி பளிச்சென்று ஒரு கோடாகப் போவது எங்களுக்கே தெரிந்தது. கொக்கி தோலுக்குள் போவதை ஆயிரம் தடவை பார்த்த வேலு மாமா, அந்த ஊசி போவதைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டார். சிரிஞ்சில் மஞ்சளாக ஏறியது. தம்பியைப் பிடித்திருந்த கையை அவர் விடவில்லை.

அன்றே கீறிக் குழாய் வைத்துச் சீழை எடுத்தார்கள். பரிசோதனையில் சீழில் இருந்த கிருமியும் ரத்தத்தில் இருந்த கிருமியும் ஒன்றே என்று தெரிந்தது. மருந்தை மாற்றினார்கள். ஜுரம் இறங்கியது, மறுபடி ஏறியது, நான் மறுபடி படி ஏறி இறங்கினேன். அப்புறம் நிஜமாகவே இறங்கியது. பிரஷர் விழாமல் நிலையாக நின்றது. புரட்டாசி பிறந்ததும் தொண்டைக் குழாயை எடுத்தார்கள்.

உள்ளே போனேன். அவர் கண் என்னைத் தேடியது. குரல் கரகரவென்று, காற்று மாதிரிதான் வந்தது. "வாயத் தொறந்துட்டியாமே. சிஸ்டர் சொன்னாங்க."

"ஆமா, தொறந்தேன். இல்லன்னா நீ கண்ண மூடியிருப்ப" என்றேன். சொல்லிவிட்டு அவர் கையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அன்றைக்குத்தான் அத்தனை நாளில் முதல் தடவையாக ஒரு நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்தேன்.

வேலு மாமா அங்கே இல்லை. சீழ் எடுத்த அன்று வெளியே போய்க் குழாயடியில் கையைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். அப்புறம் ஊருக்குப் போனவர் வரவே இல்லை. எனக்கு அவர் மேல் கோபம் கொதித்தது. ஒன்றும் இல்லீங்க என்று எப்படி வாய் வந்தது? ஆனால் யோசித்தால், என்னைக் கட்டிப்போட்ட அதே பயம்தானே அவரையும் கட்டியது. நிலா அவருக்கும் பெண்தான். தம்பிக்காக வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தவர்தான் அவரும்.

நாங்கள் வீடு திரும்பிய பிறகும் அவர் எட்டிப் பார்க்கவில்லை. கொக்கிகளைத் துணியில் சுற்றிக் கோயிலில் வைத்துவிட்டு, இனி யாருக்கும் குத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அது என் வீட்டுக்காரர் காதுக்கு வந்தது. நடக்கத் தெம்பு வந்ததும் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

வேலு மாமா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "என் கை பட்டு நீ சாவ இருந்தடா."

"ஆத்தா கைன்னு சொல்லுவியேண்ணா."

"இல்லடா. கை என்னுது."

"அப்ப கழுவிட்டு வா. சோறு துன்னலாம்" என்றார் என் வீட்டுக்காரர். மூன்று பேரும் சாப்பிட்டோம். வேலு மாமா அழுதுகொண்டே சாப்பிட்டார்.

வார்டைவிட்டு வரும்போது டாக்டரம்மாவிடம் நான் கேட்டிருந்தேன், இனிமேல் நாங்கள் செடல் போடுவது தப்பா என்று. "எங்க ஊர்லயும் அலகு குத்துவாங்கம்மா. என்னைக் கேட்டா குத்த வேணாம்னுதான் சொல்லுவேன். குத்தாம இருக்க மாட்டீங்கன்னும் தெரியும். அப்படீன்னா கொக்கியக் கொதிக்க வைங்க, ஒருத்தருக்குப் போட்டதை இன்னொருத்தருக்குப் போடாதீங்க, கையுறை மாட்டுங்க. இவர் இனிமே போடவே கூடாது. அப்புறம், காய்ச்சல்னு வந்தா மறைக்காதீங்க" என்றார். அதை அப்படியே வேலு மாமாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

என் கடைக்கு வரும் ஒரு அம்மா கேட்டார், கண்டுபிடித்தது ஸ்கேன், காப்பாற்றியது டாக்டர், நீ என்னவோ ஆத்தா ஆத்தா என்கிறாயே என்று. ஆமாம், டாக்டரம்மா எனக்குத் தெய்வம்தான், நிலாவுக்கு அடுத்து அவர் பெயரைச் சொல்லித்தான் விளக்கேற்றுகிறேன். ஆனால் அந்தக் கருவியை முதுகில் வைக்கச் சொன்னது யார்? என் பிள்ளை. அவளை எழுப்பிக் கொடுத்தது யார்? அந்த நேரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது யார்? நான் கேட்டேன், பதில் வந்தது. எனக்கு இதுதான் தெரியும்.

ஆகவே அக்கா தங்கச்சிகளே, வேண்டிக்கொள்ளுங்கள். மனம்விட்டுச் சண்டை போட்டாவது கேளுங்கள், நம் தாய் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவள் பெயர் கெட்டுவிடுமோ என்று பயந்து எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். நாம் உண்மை சொன்னால் கெட்டுப்போகிற பெயரா அவள் பெயர்? நானும் இப்போது அளவெடுக்க வருகிற ஒவ்வொருத்தியிடமும் இதைச் சொல்கிறேன். வாயாடி என்று ஊரில் என் பெயர் இன்னும் கெட்டிப்பட்டுவிட்டது. பரவாயில்லை.

இந்த ஆடியில் என் வீட்டுக்காரர் பால்குடம் மட்டும் எடுத்தார். நிலா பக்கத்திலேயே நடந்தாள். கோயில் வாசலில் ஒரு பெரிய பாத்திரத்தில் கொக்கிகள் கொதித்துக்கொண்டிருந்தன. இனி குத்த மாட்டேன் என்றிருந்த வேலு மாமா, டாக்டரம்மா சொன்ன மாதிரியே கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். முதல் ஆள் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினான். பம்பை மேளச் சத்தத்தில் அவனுக்குக் கேட்க வேண்டுமே என்று குனிந்து, காதுக்கு அருகில் அவர் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"குத்துறது நான்டா, ஆத்தா இல்ல. நாளைக்கு ஜுரம் வந்துதுன்னா, டாக்டர்கிட்ட முதல்ல என் பேரைச் சொல்லு."

அவன் சரி என்று தலையாட்டிய பிறகுதான் கொக்கியை எடுத்தார்.